ரேகை விழாதபோது: ஒரு தொழில்நுட்பத்தை ஆராய்ந்து பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் தலைமுறை தலைமுறையாக மாறாத தலைப்பு ஒன்று உண்டு: ‘அறிவியல் வளர்ச்சி ஆக்கத்திற்கா, அழிவிற்கா?’ ஒருவர் தடுப்பூசியைச் சொல்வார், அடுத்தவர் அணுகுண்டைச் சொல்வார், ‘எல்லாம் பயன்படுத்துபவர் கையில் இருக்கிறது’ என்று நடுவர் முடித்துவைப்பார். அப்படிப் பேசி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவர்களில் நானும் ஒருவன். தொழில்நுட்பம் சமூகத்தில் என்ன செய்கிறது என்று சிந்திக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் விட்டொழிக்க வேண்டியது இந்தப் பட்டிமன்றப் பழக்கத்தைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். ‘தொழில்நுட்பம்’ என்று மொத்தமாகப் பேசும் வரை, சொல்லும் எந்த வாக்கியத்தையும் சரியா தவறா என்று சோதிக்க முடியாது.

கல்லூரி மாணவர்கள், வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள், தங்கள் ஊரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கணினி அறிவு தேவையில்லை. ஒரு நோட்டும், இரண்டு மூன்று காலைப்பொழுதுகளும், சிறிது பொறுமையும் போதும். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் மேசைமேல் இருக்கும் கைரேகைக் கருவியை முதலிலிருந்து கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் வேறொரு கருவியை வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: ஒரே ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பது

தேர்வுக்கு மூன்று அளவுகோல்களைச் சொல்வேன். அந்தக் கருவியை நீங்கள் நேரில் போய்ப் பார்க்க முடிய வேண்டும். அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் வசதி குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் விருப்பப்பட்டால் ஒதுக்கிவிடக்கூடிய ஒரு கருவியைவிட, ஒதுக்க முடியாத கருவியில்தான் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். மூன்றாவதாக, அதற்குப் பின்னால் எழுதப்பட்ட ஒரு விதியோ ஆணையோ இருக்க வேண்டும். பேருந்தில் நடத்துநர் வைத்திருக்கும் டிக்கெட் கருவி, ஊரக வேலைத் திட்டத்தில் கைப்பேசியில் எடுக்கும் வருகைப் பதிவு, தெருமுனைக் கண்காணிப்புக் கேமரா ஆகியவை மூன்றுக்கும் பொருந்தும். ‘செயற்கை நுண்ணறிவு’, ‘சமூக ஊடகம்’ போன்றவை தொடக்கத்துக்கு வேண்டாம். அவை கருவிகள் என்பதைவிடத் தலைப்புகள்.

தேர்ந்தெடுத்தவுடன் அந்தக் கருவிக்கு முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதை ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். ரேஷன் கடையில் 2017 வரை இருந்தது காகிதக் குடும்ப அட்டை. 2005-இல் வழங்கிய அட்டையின் காலம் முடிந்த பிறகும் புதிய அட்டை வராததால் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஒட்டியே ஓட்டினார்கள். உள்தாள் ஒட்டுவதற்கென்றே ஒருநாள் வரிசையில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வரத் தொடங்கியது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோது கைரேகைச் சரிபார்ப்பும் கூடவே வந்தது. இந்த ஒரு பக்கத்தை எழுதாமல் மேலே போனால், பழையதெல்லாம் நன்றாக இருந்தது என்ற மயக்கமோ, எல்லாம் ஊழலாக இருந்தது என்ற மயக்கமோ கட்டாயம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் படி: போய் நின்று பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்றவற்றைச் செய்கிறவர்களே அதிகம். செய்தித்தாளும் அரசாணையும் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் கருவி வேலை செய்யாத அந்த அரை நிமிடம் கடையில் மட்டுமே கிடைக்கும்.

அரிசி வந்திறங்கிய மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள். விற்பனையாளரிடம் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, வரிசைக்கு இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் நில்லுங்கள். படம் எடுக்க வேண்டாம். யாருடைய பெயரையும் அட்டை எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டாம். தனிமனிதர் தகவலைக் கையாளும் கருவியைப் பற்றி எழுதப் போகிறவர் தாமே அதைக் கசியவிடுவது அழகல்ல. குறிக்க வேண்டியவை நான்குதான்: ஒருவர் மேசைக்கு வந்த நேரம், எத்தனை முறை விரல் வைத்தார், எந்த வழியில் முடிந்தது, முடியவில்லை என்றால் அவரிடம் என்ன சொல்லப்பட்டது.

நான் அப்படி நின்ற ஒரு காலையில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பல ஆண்டுகள் செங்கல் சூளையில் கல் அறுத்த ஒரு மூதாட்டி வந்தார். வலது கட்டை விரலை வைத்தார். கருவி சிவப்பு காட்டியது. மேசை ஓரத்தில் ஓர் ஈரத்துணி மடித்து வைத்திருந்தது, அதில் துடைத்துவிட்டு வைத்தார், மீண்டும் சிவப்பு. பின்னால் நின்ற பெண், “தலைல தேச்சுட்டு வைங்க ஆயா, எண்ணெப் பசைக்கு விழும்” என்றார். நரைத்த முடியில் விரலைத் தேய்த்துவிட்டு வைத்தார். ஆள்காட்டி விரல், இடது கை, மறுபடியும் வலது கை என்று ஏழு முறை ஆயிற்று. “நாப்பது வருசமா இந்தக் கடைலதான் வாங்கறேன். நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். விற்பனையாளர் தலையைத் தூக்காமல், “எனக்குத் தெரியும் ஆயா, மிஷினுக்குத் தெரியலையே. சாயங்காலம் பேத்தியக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

விற்பனையாளரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவர் சொன்னதில் பெரிய செய்தி இருக்கிறது: ஒரு மனிதரை அடையாளம் காணும் அதிகாரம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது, அடையாளம் காண முடியாததற்கான வசவை வாங்கிக்கொள்ளும் பொறுப்பு மட்டும் அவரிடமே இருக்கிறது. அந்த அதிகாரம் அவரைப் போன்றவர்களிடம் இருந்த காலத்தில்தான் வராதவர்கள் பெயரிலும் பில் போடப்பட்டது என்பதையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: இது எந்த நோய்க்கு மருந்து என்று கேட்பது

எந்தக் கருவியையும் கொண்டுவருகிறவர்கள் ஒரு சிக்கலைச் சொல்லித்தான் கொண்டுவருவார்கள். அந்தச் சிக்கலை ஒரே சொல்லில் சொன்னால் சற்று எச்சரிக்கையாக இருங்கள். ரேஷனில் அந்தச் சொல் ‘முறைகேடு’. உள்ளே பிரித்துப் பார்த்தால் அது ஒன்றாக இல்லை. ழான் த்ரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டி வரும் பிரிவினை இங்கே பெரிதும் உதவும். ஒன்று, தகுதியில்லாதவர் அட்டை வைத்திருப்பது. இரண்டு, இல்லாத ஆள் பெயரிலோ இன்னொருவர் பெயரிலோ பொருள் எடுப்பது. மூன்று, உண்மையான ஆள் உண்மையான அட்டையோடு வந்து நின்றாலும் எடையைக் குறைத்துக் கொடுப்பது.

கைரேகை இவற்றில் இரண்டாவதை மட்டுமே தடுக்க வல்லது. முதலாவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விரலில் வருமானம் எழுதியிருப்பதில்லை. மேலும், 1997-இல் ஒன்றிய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனைக் கைவிடாததால், தகுதி பற்றிய சண்டை இங்கே மற்ற மாநிலங்களின் அளவுக்குக் கடுமையாக எழவில்லை. மூன்றாவதாகிய எடைக் குறைவைக் கைரேகை தடுக்காது. சரியான ஆள் சரியாக விரல் வைத்து, இருபது கிலோவுக்குப் பில் வாங்கிக்கொண்டு, பதினெட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு போகலாம். கணினிப் பதிவில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

இதை அரசும் உணராமல் இல்லை. அண்மைக் காலத்தில் மின்னணுத் தராசை விற்பனைக் கருவியோடு புளூடூத் வழியாக இணைத்து, எடை சரியாக இருந்தால்தான் பில் வரும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. மூன்றாவது நோய்க்கு உரிய மருந்து இதுதான் என்பதால் நான் இதை வரவேற்பேன். அதே வேளையில் கடை ஊழியர்கள் எழுப்பிய கேள்வியையும் கேளுங்கள்: கிடங்கிலிருந்து லாரியில் வரும் மூட்டையிலேயே எடை குறைந்திருந்தால் அதை எந்தத் தராசு காட்டும்? மூட்டைக்கு ஓரிரு கிலோ குறைவாக வருவதாகவும், அந்தக் குறைவைத் தாங்களே ஈடுகட்ட நேர்வதாகவும் அவர்கள் சொல்லி வருகிறார்கள். நோட்டில் ஒரு படம் வரையுங்கள்: நெல் ஆலை, கிடங்கு, லாரி, கடை, பை. எந்த இடத்தில் கருவி வைக்கப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் வைக்கப்படவில்லை என்று குறியுங்கள். நான் வரைந்தபோது, கருவிகள் எல்லாம் கடைசி இரண்டு கட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. கண்காணிப்பு பெரும்பாலும் அதிகாரம் குறைந்தவர் பக்கமே சாய்ந்து நிற்கும் என்பது என் அனுபவம். உங்கள் படமும் அப்படித்தான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான்காம் படி: வேலை செய்யும் விதத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் அறிவது

பொறியாளர் அளவுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்கே எது அறுந்தால் முழுவதும் நிற்கும் என்பது தெரிந்தால் போதும்.

விரலை வைத்ததும் கருவி ரேகையின் உருவத்தைப் பிடித்து, மறைகுறியாக்கி, ஆதார் எண்ணோடு சேர்த்துக் கைப்பேசி அலைவரிசை வழியாக அனுப்புகிறது. அது இடையிலுள்ள கணினிகளைக் கடந்து ஆதார் ஆணையத்தின் தரவு மையத்தை அடைகிறது. அந்த மையங்கள் பெங்களூரிலும் ஹரியானாவின் மானேசரிலும் உள்ளன. முன்பு பதிந்து வைத்த ரேகையோடு ஒப்பிட்டு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடை திரும்பி வருகிறது. ஆக, கொல்லிமலையில் ஒரு கடையில் பருப்பு வாங்க வேண்டுமானால் விரல், கண்ணாடி, மின்கலம், சிம் கார்டு, கோபுரம், இரண்டு மூன்று கணினிகள், பழைய பதிவு ஆகிய அனைத்தும் ஒரே நொடியில் சரியாக இருந்தாக வேண்டும். இவற்றில் எது கெட்டாலும் கடையில் கேட்கும் வாக்கியம் ஒன்றே: “சர்வர் இல்ல.”

இன்னொன்றையும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு ரேகைகள் ஒத்துப்போகின்றனவா என்பதற்குக் கணினி உண்மையில் ‘ஆம், இல்லை’ என்று சொல்வதில்லை. கோடுகள் முடியும் இடங்களையும் கிளை பிரியும் இடங்களையும் ஒப்பிட்டு, இவ்வளவு ஒற்றுமை என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று முடிவு செய்வது மனிதர்கள். அதை உயர்த்தினால் வேறொருவர் நுழைவது கடினமாகும், ஆனால் உரியவரே வெளியே நிற்பது அதிகமாகும். தாழ்த்தினால் இதற்கு நேர்மாறு நடக்கும். இரண்டு தவறையும் ஒருசேர ஒழிக்கும் தேர்ச்சி மதிப்பெண் எதுவும் கிடையாது. கட்டடத் தொழிலாளி, சுண்ணாம்பில் வேலை செய்தவர், நாளெல்லாம் பாத்திரம் தேய்ப்பவர், முதுமையில் தோல் மெலிந்தவர் ஆகியோரின் ரேகை தேய்ந்திருப்பதால், மதிப்பெண் இழப்பதும் அவர்களே. எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது என்ற கேள்வி இப்படித்தான் ஒரு பொறியியல் அமைப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது அங்கே இருப்பது தெரியாதவர் கருவியைச் சார்பற்றது என்று நம்பிவிடுவார்.

நம் மொழியில் எழுதத் தெரியாதவரைக் ‘கைநாட்டு’ என்று இழிவாகச் சொல்வது உண்டு. பட்டம் பெற்றவரும் கைநாட்டு வைத்தால்தான் சர்க்கரை கிடைக்கும் என்ற இன்றைய நிலையில் அந்த வசவு பொருளிழந்துவிட்டது ஒரு நன்மை.

ஐந்தாம் படி: தோல்வியின் சுமை யார் தலையில் விழுகிறது என்று தேடுவது

என் கணிப்பில் இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். எல்லாக் கருவியும் சில வேளைகளில் தவறும், அதில் வியப்பில்லை. தவறும்போது யார் காத்திருக்கிறார், யார் கூலி இழக்கிறார், யார் விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கிறது என்பதில்தான் அந்தக் கருவி சமூகத்தில் எங்கே நிற்கிறது என்பது தெரியும். வங்கிச் செயலி நின்றால் வங்கி மன்னிப்புக் கேட்டு அறிக்கை விடும். ரேஷன் கருவி நின்றால் மூதாட்டி மாலையில் மறுபடியும் வருவார்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலாவது, மேசையில் சொல்லப்படும் வாக்கியங்களில் எழுவாயைத் தேடுவது. “சர்வர் இல்ல”, “கம்ப்யூட்டர் எடுக்கல”, “பேரு நீங்கிடுச்சு” ஆகிய மூன்றிலும் செய்தவர் யாருமில்லை. ‘பெயர் நீங்கிவிட்டது’ என்பதை ‘யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், ஏதோ ஓர் ஆணையின்படி பெயரை நீக்கினார்’ என்று மாற்றி எழுதிவிட்டு, அந்த ‘யாரோ’வையும் இரண்டு ‘ஏதோ’க்களையும் ஒவ்வொன்றாக நிரப்ப முயலுங்கள். வட்ட வழங்கல் அலுவலகத்தில் பாதி நிரம்பிவிடும்.

இரண்டாவது, விதியைப் படிப்பது. கருவி தவறினால் என்ன செய்வது என்று விதியிலேயே ஒரு மாற்றுவழி பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். கடைக்கு அது வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மானியமும் நலத்திட்டமும் பெற ஆதாரைக் கேட்கலாம் என்று சொல்லும் அதே மூச்சில், எண் வழங்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழி தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. சரிபார்ப்பு தவறினால் பொருளை மறுக்கக் கூடாது, விதிவிலக்கு வழியில் கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் 4:1 என்ற பெரும்பான்மையில் நலத்திட்டங்களுக்கு ஆதாரை அனுமதித்தபோதும், சரிபார்ப்புத் தவறியதால் உரியவர் எவரும் விடுபடமாட்டார் என்று அரசுத் தரப்பு கொடுத்த உறுதியைப் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் படிவம் கொடுத்துத் தம் சார்பில் இன்னொருவரை அனுப்பலாம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக 2025 ஆகஸ்டில் ‘தாயுமானவர்’ திட்டம் தொடங்கியது.

இவ்வளவு இருந்தும், மேலே சொன்ன மூதாட்டிக்குக் கடையில் சொல்லப்பட்ட மாற்றுவழி ‘பேத்தியைக் கூட்டிட்டு வாங்க’ என்பது மட்டுமே. விதியில் உள்ள மாற்றுவழி மேசைமேல் ஒரு தாளாகவோ சுவரில் ஒரு பலகையாகவோ வந்து சேராத வரை, கருவியைப் பயன்படுத்துகிறவருக்கு அது இல்லாததற்குச் சமம். ஆகவே ‘கருவி’ என்று எழுதும்போதெல்லாம் பெட்டியை மட்டும் நினைக்காமல், அது தவறும்போது எடுக்க வேண்டிய நோட்டு, படிவம், கையெழுத்து ஆகியவற்றையும் அதன் உறுப்புகளாகவே எண்ணிப் பழகுங்கள்.

ஆறாம் படி: எண்களைப் படிப்பது

2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி உச்ச நீதிமன்றத்தில் விளக்கம் அளித்தபோது, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பின் வெற்றி 88 சதவீதம் என்று தெரிவிக்கப்பட்டது. வங்கிகளில் 95 சதவீதமும் தொலைபேசி நிறுவனங்களில் 97 சதவீதமும் என்பது அதனுடன் வந்த கணக்கு. இதைப் படித்த ஒருவர் ‘12 சதவீத ஏழைகளுக்கு அரிசி மறுப்பு’ என்று எழுதினால் தவறு. தோல்வியடைந்த முயற்சிகள் வேறு, கடைசி வரை பொருள் கிடைக்காத மனிதர்கள் வேறு. ஏழாவது முறையில் விழுந்த விரலும் ஆறு தோல்விகளை எண்ணிக்கையில் சேர்த்திருக்கும். ‘88 நல்ல மதிப்பெண்தானே’ என்று எழுதினாலும் தவறுதான். அந்த மூன்று எண்களுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு, அரசின் வரிசையில் நிற்கிற விரல்களும் தொலைபேசிக் கடையில் நிற்கிற விரல்களும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் காட்டுகிறது. விகிதம் ஒன்றைப் பார்த்தவுடன் ‘எதில் எத்தனை?’ என்று கேளுங்கள். கீழே இருக்கும் எண் முயற்சிகளா, அட்டைகளா, ஆட்களா என்று தெரியாத வரை மேலே இருக்கும் எண்ணுக்குப் பொருள் கிடையாது.

‘போலி அட்டைகள் நீக்கம், இவ்வளவு கோடி மிச்சம்’ என்ற வகைச் செய்தியையும் இப்படியே பிரிக்க வேண்டும். நீக்கப்பட்டவற்றில் இறந்தவர் பெயர், இடம்பெயர்ந்தவர் பெயர், இரட்டைப் பதிவு, ஆதார் இணைக்கத் தவறிய உண்மைக் குடும்பம் எல்லாம் ஒரே கூடையில் இருக்கக்கூடும். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் அட்டை நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் அரிசி கிடைக்காமல் பட்டினியால் இறந்தாள் என்றார்கள் குடும்பத்தாரும் உணவுரிமை இயக்கத்தினரும். காரணம் மலேரியா என்றது நிர்வாகம். மரணத்தின் காரணத்தை நாம் தீர்க்க முடியாது. ஆனால் அட்டை நீக்கப்பட்டிருந்தது பற்றி இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அந்த ஒரு நீக்கமும் ஏதோ ஒரு பட்டியலில் ‘போலி’ என்ற தலைப்பின்கீழ் எண்ணப்பட்டிருக்கக் கூடும் என்பதை நினைத்துக்கொண்டு அடுத்த முறை அந்த வகைச் செய்தியைப் படியுங்கள்.

ஏழாம் படி: அதே கருவி வேறிடத்தில் எப்படி நடந்துகொண்டது என்று ஒப்பிடுவது

ஓரிடத்தை மட்டும் பார்த்தால், நடந்ததற்கெல்லாம் கருவியே காரணம் என்று தோன்றும். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் செய்த இரண்டு ஆய்வுகள் இந்த மயக்கத்தைத் தெளியவைக்கும். பிரிக்கப்படாத ஆந்திரத்தில் வேலையுறுதித் திட்டக் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் கைரேகையுடன் கூடிய ஸ்மார்ட் கார்டு கொண்டுவந்தபோது பணம் விரைவாக வந்தது, இடையில் கசிந்ததும் குறைந்தது, மக்களும் அதை விரும்பினார்கள். ஜார்க்கண்ட் ரேஷனில் ஆதார் சரிபார்ப்பு வந்தபோது முதல் கட்டத்தில் கசிவு குறைந்ததாகத் தெரியவில்லை. மக்களுக்கு அலைச்சல் செலவு கூடியது. ஆதார் இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைத்த பொருள் குறைந்தது. பின்னர் கருவியின் பதிவை வைத்துக் கடைகளுக்கான ஒதுக்கீட்டை வெட்டியபோது கசிவு குறைந்தது, கூடவே மக்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் குறைந்தது.

இரண்டு இடத்திலும் இருந்தது விரல்தான். ஆந்திரத்தில் கார்டு இல்லாதவருக்கும் பழைய முறையில் பணம் கொடுப்பது நிறுத்தப்படவில்லை. ஜார்க்கண்டில் கதவு இறுக்கி மூடப்பட்டது. எனக்குத் தெரிந்தவரை, கைரேகை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு இந்த இணையைவிட நேர்மையான விடை வேறில்லை. சத்தீஸ்கரையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்: 2004-இல் ரேஷன் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் கொடுத்ததும், ரேஷன் லாரிகளுக்கு மஞ்சள் நிறம் அடித்ததும் அங்கே கசிவைக் குறைத்தவற்றில் முக்கியமானவை. பெயிண்ட் டப்பாவும் ஒரு தொழில்நுட்பம்தான்.

எட்டாம் படி: உங்கள் முடிவுக்கு எதிராக வாதாடுவது

இதுவரை படித்தவர்களுக்கு நான் கருவிக்கு எதிரான ஆள் என்று தோன்றியிருக்கலாம். அதனால் இந்தப் படியை நானே செய்து காட்ட வேண்டியிருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரர் தன் ஊர் அட்டையை வைத்து இங்கே அரிசி வாங்க முடிவது, இரு மாநிலத்துக்கும் பொதுவான ஓர் அடையாள ஏற்பாடு இருப்பதால்தான். காகித அட்டை அவருக்கு எந்த உதவியும் செய்திருக்காது. அடுத்து, ஸ்மார்ட் கார்டோடு வந்த குறுஞ்செய்தி. ‘நான் வாங்காத பாமாயிலுக்கு மெசேஜ் வந்திருக்கு’ என்று கைப்பேசியை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தன் பெயரில் என்ன எழுதப்பட்டது என்பதே தெரியாமல் இருந்தவர் கையில் ஒரு சான்று கிடைத்தது. கைரேகை வருவதற்கு முன்பே அது பல கடைகளைத் திருத்தியிருக்கும். இந்தப் பத்தியை எழுதிய பிறகு, முன்பு எழுதியவற்றில் மூன்று வாக்கியங்களை நான் தணிக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு ஒன்றுகூடத் தணிக்கத் தோன்றவில்லை என்றால் எதிர்வாதத்தைப் போதிய அளவு தேடவில்லை என்று கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: கேட்க வேண்டிய இடத்தில் கேட்பது

கருவியின் ஒரு வசதி, தான் செய்ததையெல்லாம் அது பதிந்து வைத்திருப்பது. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். கருத்தைக் கேட்காதீர்கள், பதிவைக் கேளுங்கள். ‘ஏழைகள் ஏன் அலைக்கழிக்கப்படுகிறார்கள்?’ என்று கேட்டால் விடை வராது. ‘இன்ன கடையில், இன்ன மாதம், கைரேகை வழி, கருவிழி வழி, அட்டையை ஸ்கேன் செய்த வழி, பிரதிநிதி வழி என ஒவ்வொன்றிலும் முடிந்த பரிவர்த்தனைகள் எத்தனை? பொருள் வாங்காத அட்டைகள் எத்தனை? சரிபார்ப்புத் தவறினால் பின்பற்ற வேண்டிய நடைமுறை குறித்துக் கடைக்கு அனுப்பிய ஆணையின் நகல் தருக’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

தனிமனிதர் குறைக்கு இது வழியில்லை. அதற்கு 1967 என்ற உதவி எண்ணும், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது வினியோகத் திட்டக் குறைதீர் முகாமும் இருக்கின்றன. ஊர் முழுவதற்குமான கேள்வியாக இருந்தால் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம்; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது.

நாங்கள் எங்கள் பகுதிக் கடைக்காக வைத்த கோரிக்கை மிகச் சிறியது: ‘கைரேகை விழாவிட்டால் பொருள் பெறும் வழிகள்’ என்று தலைப்பிட்டு, மூன்று வழிகளையும் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒரு பலகை வைக்க வேண்டும். நான்கு மாதம் கழித்துப் பலகை வந்தது. மாட்டியிருந்த இடம், பொருளைக் கட்டித் தரும் ஊழியரான கட்டுநர் நிற்கும் மூலை. அதற்கு முன்னால் துவரம்பருப்பு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடுத்த மாதத்துக்கு எழுதியிருக்கும் மனு, பலகையை இரண்டடி இடப்பக்கம் நகர்த்தச் சொல்லி.